ஃபார்மேட் அடித்தால் தீருமா?

வீட்டுக் கணினியில் புகுந்த டிரோஜன் ஒன்று நீக்க நீக்கத் திரும்பி வருமானால், அதற்கு ஒரே மருந்து ‘ஃபார்மேட் அடிப்பது’ என்னும் கருத்து தமிழ்நாட்டில் இன்று மறுப்பாரின்றி நிலைபெற்றிருக்கிறது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் தடத்தில் எண்ணூரைத் தாண்டியதும் வரும் அத்திப்பட்டுப் புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் ஆகிய ஊர்களும் இதற்கு விலக்கல்ல. வடசென்னை அனல்மின் நிலையத்தையும் வல்லூர் அனல்மின் நிலையத்தையும் காமராஜர் துறைமுகத்தையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் வீடுகளில் இருக்கும் கணினிகளில் பல, சென்னையின் ரிச்சி தெருவில் தனித்தனி உறுப்புகளாக வாங்கிக் கோத்தவை அல்லது ஏதேனும் அலுவலகம் கழித்துவிட்டபின் செகண்ட் ஹேண்டில் வந்தவை. அவற்றில் ‘வைரஸ் ஏறிவிட்டது’ என்று தெரிந்த மாத்திரத்தில் கணினி சர்வீஸ் கடைக்குத் தூக்கிச் செல்வதும், அங்கே பழைய விண்டோஸை அழித்துப் புதிதாக ஒன்றைப் போட்டுத் தருவதும், சில வாரங்களில் அதே தொல்லை மீண்டும் தலைகாட்டுவதும், மறுபடி அதே கடைக்குப் போவதும் ஒரு சுழற்சியாகிவிட்டன. இச்சுழற்சிக்குக் காரணம் டிரோஜனின் வல்லமை என்று நம்பப்படுகிறது. உண்மையில் அதற்குக் காரணம், ஃபார்மேட் என்னும் பெயரில் செய்யப்படும் வேலையின் முறையே ஆகும்.

இதை விளங்கிக்கொள்ள, டிரோஜன் என்பது எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். கணினிக்குத் தீங்கு செய்ய எழுதப்பட்ட நிரல்கள் எல்லாவற்றையும் பேச்சுவழக்கில் வைரஸ் என்றே சொல்லிவிடுகிறோம். பொதுச்சொல்லாகத் தீநிரல் என்பதே பொருந்தும். அவற்றுள் வைரஸ் என்பது வேறொரு கோப்புக்குள் தன்னைச் செருகிக்கொண்டு பெருகுவது. வோர்ம் எனப்படும் புழு, யாருடைய உதவியும் இன்றி வலையமைப்பு வழியே தானாகப் பரவுவது. டிரோஜனோ, பயனுள்ள பொருளின் தோற்றத்தில் வந்து, கணினிக்கு உரியவர் தம் கையாலேயே இயக்கும்வரை காத்திருப்பது. டிராய் நகரத்தார் மரக்குதிரையைத் தாங்களே கோட்டைக்குள் இழுத்துச் சென்ற கிரேக்கக் கதையிலிருந்து வந்த இப்பெயர், 1972இல் அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் எழுதிய கணினிப் பாதுகாப்பு அறிக்கையிலேயே இடம்பெற்றுவிட்டது. பெயரிலேயே பொதிந்திருக்கும் செய்தி இது: குதிரை மதிலை இடித்துக்கொண்டு உள்ளே வரவில்லை, உள்ளிருந்தவர்கள் வாயிலைத் திறந்து அழைத்துக்கொண்டார்கள். ஆகவே டிரோஜன் திரும்பத் திரும்ப வரும் வீட்டில் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அதை எப்படி அழிப்பது என்பதற்கு முன்னால், அதை யார் எதை நம்பி உள்ளே விட்டார்கள் என்பதாகும். ஃபார்மேட் என்னும் தீர்வு இக்கேள்வியைக் கேட்கவே இடம் தருவதில்லை. விடை தரக்கூடிய தடயங்களையும் சேர்த்தே அது அழித்துவிடுகிறது.

ஃபார்மேட்டை நம்புவோரின் பக்கத்திலும் ஓர் உண்மை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நன்றாக எழுதப்பட்ட டிரோஜன், கணினியை அணைத்துப் போட்டாலும் உயிரோடு இருக்கப் பல இடங்களில் வேர்விட்டிருக்கும். விண்டோஸ் தொடங்கும்போது எவற்றையெல்லாம் இயக்க வேண்டும் என்னும் குறிப்புகள் ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டில் இருக்கின்றன. அங்கே தன் பெயரை எழுதிக்கொள்வது ஒரு வழி. குறித்த நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும்படி விண்டோஸுக்குக் கட்டளையிட உதவும் டாஸ்க் ஷெட்யூலரில் நுழைந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னையே மறுபடி இயக்கச் செய்வது மற்றொரு வழி. இரண்டு நிரல்களாகப் பிரிந்து, ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று அதை எழுப்பிவிடும்படி அமைவதும் உண்டு. ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைப் பிடித்து அழித்ததாக அறிவித்த பின்னும் மறுநாள் அதே எச்சரிக்கை வருவதற்கு இவையே காரணம்: அழிந்தது கிளை, வேர் வேறிடத்தில் இருக்கிறது. இந்நிலையில் வேர்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கொண்டிருப்பதைவிட முழுதாக அழித்துப் புதிதாகத் தொடங்குவது உறுதியானது என்று பாதுகாப்பு வல்லுநர்களே பரிந்துரைப்பதுண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் முழு அழிப்பும், கடைகளில் ஃபார்மேட் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பதும் ஒன்றல்ல என்பதுதான் இங்கே வற்புறுத்தப்படுவது.

வழக்கமான ஃபார்மேட்டில் ‘சி டிரைவ்’ எனப்படும், விண்டோஸ் அமர்ந்திருக்கும் பகுதி மட்டும் அழிக்கப்படுகிறது. படங்களும் பாடல்களும் பிள்ளைகளின் பாடக்குறிப்புகளும் சேர்ந்து கிடக்கும் ‘டி டிரைவ்’ தொடப்படுவதில்லை. புதிய விண்டோஸ், எப்போதோ எங்கிருந்தோ இறக்கப்பட்டுக் கடையின் பென்டிரைவில் கிடக்கும் கோப்பிலிருந்து ஏற்றப்படுகிறது. பணம் கட்டி உரிமம் வாங்காத விண்டோஸ், தன்னை உரிமம் பெற்றதாக நினைத்துக்கொள்ளும்படி ஏமாற்ற ‘ஆக்டிவேட்டர்’ என்னும் சிறு நிரல் இயக்கப்படுகிறது. அந்த ஆக்டிவேட்டரை விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் என்னும் பாதுகாப்பு மென்பொருள் தடுக்கும் என்பதால், டிஃபெண்டர் முதலில் அணைக்கப்படுகிறது. அல்லது ஆக்டிவேட்டர் இருக்கும் இடத்தை இனி ஒருபோதும் சோதிக்க வேண்டாம் என்று டிஃபெண்டருக்கு விலக்கு எழுதித் தரப்படுகிறது. அதாவது, நோய் தீர்ப்பதாகச் சொல்லி நடக்கும் சிகிச்சையின் முதற்படியே காவலாளியை வீட்டுக்கு அனுப்புவதாகவும், இரண்டாம் படி முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்குக் கணினியின் உச்ச அதிகாரத்தை ஒப்படைப்பதாகவும் அமைந்துவிடுகிறது. இத்தகைய ஆக்டிவேட்டர்கள் எல்லாமே தீநிரல்கள் என்று சொல்வது மிகையாகலாம். ஆனால் 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்னும் பாதுகாப்பு நிறுவனம், கேஎம்எஸ்பிகோ என்னும் பெயர்பெற்ற ஆக்டிவேட்டரின் வேடத்தில் பரப்பப்பட்ட நிரல்கள் கிரிப்ட்பாட் என்னும் திருட்டு டிரோஜனைச் சுமந்து வந்ததை ஆராய்ந்து வெளியிட்டது. கிரிப்ட்பாட்டின் தொழில், பிரவுசர்களில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும், கட்டண அட்டை விவரங்களையும், மின்னணு நாணயப் பெட்டகங்களையும் அள்ளிச் செல்வது. தேடுபவருக்குக் கிடைப்பது உண்மையான ஆக்டிவேட்டரா, அதன் வேடம் தரித்த டிரோஜனா என்பதைக் கடைக்காரராலும் பிரித்தறிய முடியாது, ஏனெனில் இரண்டுமே தம் வேலையைத் தொடங்குமுன் டிஃபெண்டரை அணைக்கச் சொல்கின்றன.

நோய் வரும் வழியை அடைக்காமல் நோயை மட்டும் அழிப்பது வீண் என்பதை அத்திப்பட்டுச் சுற்றுவட்டாரத்தாருக்கு விளக்கச் சாம்பலைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தேவையில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பல், நீரோடு குழம்பாகக் கலக்கப்பட்டுக் குழாய்கள் வழியே செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்குச் செல்கிறது. அக்குழாய்கள் உடைந்தும் கசிந்தும் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழியிலும் சாம்பல் படிந்ததும், இறாலும் மீனும் குறைந்ததைச் சொல்லி மீனவர்கள் பல ஆண்டுகள் முறையிட்டதும், வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதும் ஊரறிந்த செய்திகள். ஆற்றில் படிந்த சாம்பலை வாரி எடுக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குழாய் கசிந்துகொண்டிருக்கும் வரை வாரியது வாரியபடி இருக்க, புதுச்சாம்பல் வந்து படிந்துகொண்டேயிருக்கும் என்பதை அம்மீனவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக் கணினிக்கும் கணக்கு இதுவே. கசியும் குழாய் சில வீடுகளில் திருட்டு மென்பொருள், சில வீடுகளில் பென்டிரைவ், சில வீடுகளில் எப்போதோ பறிபோன கடவுச்சொல்.

பென்டிரைவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறிவிடுவதும், சொடுக்கினால் கோப்புறை திறப்பதுபோலத் தோன்றினாலும் பின்னால் வேறொரு நிரலும் ஓடுவதும் ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் பலரும் கண்ட காட்சி. ஊரார் இதை ‘ஷார்ட்கட் வைரஸ்’ என்பார்கள். அசல் கோப்புகள் அழிவதில்லை, அவை மறைக்கப்பட்டிருக்கும். அவற்றின் இடத்தில் அதே பெயரில் நிற்பது தீநிரலை அழைக்கும் குறுவழி. ஆதார் நகலோ தேர்வு நுழைவுச்சீட்டோ அச்செடுக்கப் பென்டிரைவைக் கடையில் செருகி, திரும்ப வீட்டில் செருகும் பழக்கம் இருக்கும்வரை, சி டிரைவை எத்தனை முறை அழித்தாலும் பயனில்லை. டி டிரைவில் அதே குறுவழிகள் காத்திருந்தால், புதிய விண்டோஸ் ஏறிய அன்று மாலையே பழைய நோய் தொற்றிவிடும். பென்டிரைவ் வெறும் வீட்டுத் தொல்லை என்று நினைப்போர், 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டை நினைவுகூர வேண்டும். ஈரானின் அணு எரிபொருள் செறிவூட்டும் நிலையத்தைக் குறிவைத்து எழுதப்பட்ட அது, இணையத்தோடு தொடர்பற்ற இடத்துக்குள் நுழைய நம்பிய வழி பென்டிரைவும், ஷார்ட்கட் கோப்புகளை விண்டோஸ் கையாண்ட முறையில் இருந்த ஓட்டையுமே. சிமான்டெக் நிறுவனத்தின் கணக்கின்படி அது தொற்றிய கணினிகள் அதிகமாக இருந்த நாடுகளில் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்தபடி இந்தியா மூன்றாம் இடத்தில் இருந்தது. நம் நாட்டில் கோப்புகள் கைமாறும் வழி எதுவென்பதை அந்த இடம் காட்டிக்கொடுக்கிறது.

கணினிக்குள்ளேயே இல்லாத வேர்களும் உண்டு. குரோம் போன்ற பிரவுசரில் ஒருவர் தம் மின்னஞ்சல் கணக்கோடு புகுபதிந்திருந்தால், அவர் நிறுவிய எக்ஸ்டென்ஷன்கள் எனப்படும் துணைநிரல்களின் பட்டியலும் அக்கணக்கில் சேமிக்கப்படுகிறது. புதிய விண்டோஸில் அதே கணக்கைத் திறந்தவுடன் அவை எல்லாம், தீங்கானதும் சேர்ந்தே, திரும்ப இறங்கிவிடும். வீட்டிலுள்ள வைஃபை ரவுட்டரும் இவ்வகையில் சேரும். இணைய முகவரியின் பெயரை அதற்குரிய எண்ணாக மாற்றித் தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். அந்த அமைப்பை மாற்றிவிட்டால், வங்கியின் பெயரைத் தட்டச்சு செய்பவரை வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். டிஎன்எஸ்சேஞ்சர் என்னும் டிரோஜன் இதைக் கணினிகளில் மட்டுமின்றி, கடவுச்சொல் மாற்றப்படாத ரவுட்டர்களிலும் செய்தது; நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளைப் பிடித்த அந்தக் கும்பலை 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ முடக்கிய பின்னும், பாதிக்கப்பட்டோரின் இணையம் அடியோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக மாற்று டிஎன்எஸ் வழங்கிகளை 2012 ஜூலை 9 வரை இயக்க வேண்டியிருந்தது. ரவுட்டரில் இருக்கும் நோய்க்குக் கணினியை அழிப்பது, குடிநீர்த் தொட்டி கெட்டிருக்கக் குடத்தைக் கழுவுவதற்கு ஒப்பாகும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, திருடன் ஓடிவிட்டால் திருட்டுப் பொருள் தானாகத் திரும்பிவிடும் என்று எண்ணுவது. டிரோஜன்களில் பெரும்பாலானவை இன்று கணினியைச் சேதப்படுத்துவதற்காக எழுதப்படுவதில்லை. கடவுச்சொற்களை அள்ளிக்கொள்வதே அவற்றில் பலவற்றின் நோக்கம். கணினியை அழித்தால் டிரோஜன் போகும். அது ஏற்கெனவே வெளியே அனுப்பிவிட்ட கடவுச்சொல் போகாது. தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2019 அக்டோபர் 28 அன்று டிடிராக் என்னும் உளவுத் தீநிரலின் மாதிரி ஒன்று, தீநிரல்களைச் சோதிக்க உதவும் வைரஸ்டோட்டல் தளத்தில் வெளிவந்தது. அதை ஆராய்ந்தவர்கள், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் உள்வலையமைப்புக்குரிய பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அந்நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதைக் கண்டனர். மறுநாள் அணுமின் நிலைய நிர்வாகம் இச்செய்தியைப் பொய் என்று மறுத்தது. அதற்கு அடுத்த நாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் தகவல் தந்ததாகவும், பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினி என்றும், அது முக்கியமான உள்வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது என்றும் அது விளக்கியது.

உலைக்கு ஆபத்து இருந்ததா என்ற வாதத்தில் பலரும் அப்போது கவனிக்கத் தவறிய ஒன்று அந்நிரலுக்குள் எழுதப்பட்டிருந்த கடவுச்சொல். ஒரு தீநிரலை எழுதும்போதே அதில் ஓர் இடத்தின் கடவுச்சொல் பொறிக்கப்பட்டிருந்தால், அக்கடவுச்சொல் அதற்கு முன்பே எவ்வழியிலோ திருடப்பட்டுவிட்டது என்பதே பொருள். அதாவது முதல் திருட்டின் விளைபொருளே இரண்டாம் தாக்குதலின் சாவி. முதல் தாக்குதலுக்கு ஆளான கணினியை எத்தனை முறை அழித்திருந்தாலும், கடவுச்சொல்லை மாற்றாதவரை இரண்டாவதைத் தடுத்திருக்க முடியாது. உலக அளவிலும் இதே பாடம் உண்டு. எமோடெட் என்னும் டிரோஜன் வலையை 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து கைப்பற்றி, அதே ஆண்டு ஏப்ரல் 25 அன்று பாதிக்கப்பட்ட கணினிகளிலிருந்து அது தானாகவே நீங்கும்படி செய்தன. எந்தச் சர்வீஸ் கடையாலும் செய்ய முடியாத அளவு துப்புரவான நீக்கம் அது. அப்படியிருந்தும் எஃப்பிஐ, எமோடெட் சேர்த்துவைத்திருந்த சுமார் 43 லட்சம் மின்னஞ்சல் முகவரிகளை, கசிந்த கணக்குகளை மக்கள் தேடிப் பார்க்க உதவும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்திடம் ஒப்படைத்து, உரியவர்கள் கடவுச்சொற்களை மாற்றிக்கொள்ளும்படி எச்சரிக்க வேண்டியிருந்தது. ஃபார்மேட் அடித்துக் கொடுக்கும் கடை எதுவும் வாடிக்கையாளரிடம் இந்த எச்சரிக்கையைச் சொல்லி அனுப்புவது அரிது.

‘நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது’ என்னும் வாதம் இங்கே எழும். அணுமின் நிலையம் வேறு, அத்திப்பட்டில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் வீடு வேறு என்பது மெய்தான். ஆனால் அந்த வீட்டுக் கணினியில் வருங்கால வைப்புநிதிக் கணக்கின் யுஏஎன் எண்ணும் கடவுச்சொல்லும் பதிந்திருக்கும். ஆதார், பான், ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் ஒரே கோப்புறையில் இருக்கும். நகைக்கடன் தவணை கட்டும் வங்கிக் கணக்கு பிரவுசரில் திறந்தபடி இருக்கும். சேமிப்பு சிறிதாக இருப்பது திருடனுக்குத் தடையல்ல, ஏனென்றால் டிரோஜனை அனுப்புபவர் வீடு வீடாகத் தேர்ந்தெடுப்பதில்லை. இலட்சக்கணக்கான கணினிகளிலிருந்து அள்ளியதை மொத்தமாக விற்கிறார். இழப்பின் பாரம்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது: மாதச் சம்பளத்தை எதிர்பார்க்கும் குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் பறிபோவது, வசதியுள்ளவர் இலட்சங்களை இழப்பதைவிடக் கொடியது. எதுவுமே இல்லாத கணினிகூட, பாட்நெட் எனப்படும் அடிமைக் கணினிக் கூட்டத்தில் ஒன்றாகி, பிறரைத் தாக்கவும் பொய் மின்னஞ்சல்களை அனுப்பவும் பயன்படும். அப்போது விசாரணை வந்து நிற்பது அந்த வீட்டின் இணைய இணைப்பு வாசலில்தான். இதைத் தடுக்கவே செர்ட்-இன் 2017 பிப்ரவரி 21 அன்று சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தைத் தொடங்கி, பாட்நெட் நீக்கக் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. இணைய நிறுவனங்கள் வழியே அது அனுப்பும் குறுஞ்செய்திகளை விளம்பரம் என்று தள்ளிவிடுவோர் பலர்.

அவசர ஃபார்மேட்டால் விளையும் மற்றொரு கேடு, தடயம் அழிவது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டுப் பணப்பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த அச்சுப்பொறி வேலை செய்யாமல் நின்றது. அது முதலில் சாதாரணக் கணினிக் கோளாறாகவே கருதப்பட்டது. மறுநாள் கணக்குகளை ஒப்பிட்டபோதுதான் துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்கு மூன்று பொய்ப் பரிமாற்றங்கள், ஏறக்குறைய 20 லட்சம் டாலர் அளவுக்கு, அனுப்பப்பட்டிருந்தது தெரிந்தது. பரிமாற்றச் செய்தி தாளில் அச்சாகிவிடக் கூடாது என்பதற்காகவே அச்சுப்பொறி முடக்கப்பட்டிருந்தது. விசித்திரமாகத் தோன்றும் கோளாறு, திருட்டின் ஒரு பகுதியாகவே இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். வீட்டிலும் பணம் பறிபோன ஐயம் இருந்தால், முதலில் செய்ய வேண்டியது இணையத்தைத் துண்டித்துவிட்டு, 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணிலும் வங்கியிலும் புகார் பதிவது. கணினியை அழிப்பது அதன் பிறகே. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாத மூன்றாம் தரப்புத் திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றும், அவரே கவனக்குறைவாக இருந்த நேர்விலும் அவர் தெரிவித்தபின் ஏற்படும் இழப்பு வங்கியையே சேரும் என்றும் வகுத்தது. கடையில் கணினி மூன்று நாட்கள் வரிசையில் கிடக்கும்போது ஓடிக்கொண்டிருப்பது இந்தக் கெடுதான்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்றே ஒன்று: அசல் விண்டோஸுக்கு விலை அதிகம். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு மாத வாடகைக்கு நெருங்கும் தொகையை மென்பொருளுக்குக் கொடு என்று ஓர் உழைக்கும் குடும்பத்திடம் சொல்வது எளிதல்ல, அப்படிச் சொல்லாத கடைக்காரரைக் குற்றவாளியாக்குவதும் முறையல்ல. ஆனால் அசலுக்கும் திருட்டுக்கும் இடையே வேறு வழியே இல்லை என்னும் அனுமானம்தான் தவறு. நிறுவனத் தயாரிப்பாக விண்டோஸோடு விற்கப்பட்ட பல கணினிகளில், அலுவலகம் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் கணினிகளிலும்கூட, உரிமச் சாவி மதர்போர்டிலேயே நிலைத்திருக்கும் ஃபர்ம்வேர் என்னும் நிரலில் பொறிக்கப்பட்டிருக்கும். அதே பதிப்பு விண்டோஸை மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து இறக்கி ஏற்றினால் அது தானாகவே உரிமம் பெறும், ஆக்டிவேட்டருக்கே தேவை எழாது. உரிமம் இல்லாத விண்டோஸ்கூட, திரையின் மூலையில் ஒரு நினைவூட்டலோடும் பின்னணிப் படத்தை மாற்ற முடியாத சில குறைகளோடும் இயங்கும். பாதுகாப்புக்கு அது ஆக்டிவேட்டர் ஏறிய விண்டோஸைவிடப் பன்மடங்கு மேல். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம் இலவசம்; 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் அது விண்டோஸோடு சேர்த்தே மாணவர்களுக்குத் தரப்பட்டது.

எதிர்முனையில் நிற்கும் அச்சத்தையும் ஒதுக்க வேண்டும். ஃபார்மேட் அடித்தும் போகவில்லை என்றால் ‘பயாஸில் வைரஸ் புகுந்துவிட்டது, மதர்போர்டை மாற்ற வேண்டும்’ என்று சொல்லப்படுவதுண்டு. பயாஸ் போன்ற ஃபர்ம்வேரில் தங்கும் தீநிரல்கள் உண்மையில் உண்டு. 2018இல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்த லோஜாக்ஸ் அவற்றுள் ஒன்று. ஆனால் அவை பெரும்பாலும் அரசுகளையும் தூதரகங்களையும் குறிவைத்து உளவுக் குழுக்கள் அரிதாகப் பயன்படுத்துபவை. வீட்டுக் கணினியில் நோய் திரும்புவதற்கு மேலே சொன்ன எளிய காரணங்கள் இருக்கும்போது, அவற்றை ஆராயாமல் மதர்போர்டைக் கழற்றச் சொல்வது நேர்மையான வேலை ஆகாது.

செய்ய வேண்டியதன் வரிசை இப்போது தெளிவாகும். நோயுள்ள கணினியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, நோயற்ற வேறொரு கருவியிலிருந்து, பெரும்பாலான வீடுகளில் அது ஒரு கைபேசியாக இருக்கும், முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் சாவி அதுவே. அதோடு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளையையும் கொடுக்க வேண்டும், ஏனெனில் புகுபதிந்த நிலையைக் காக்கும் குக்கிகளைத் திருடியவருக்குக் கடவுச்சொல்லே தேவைப்படாது. வங்கி, வைப்புநிதி ஆகியவற்றின் கடவுச்சொற்கள் அடுத்து. பிறகு ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்து, நிரல் கோப்புகளை விட்டுவிட வேண்டும். ‘பில்.பிடிஎஃப்’ என்று தோன்றுவது உண்மையில் ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’யாக இருக்கலாம், விண்டோஸ் தானாகவே கோப்பு வகையின் பெயரை மறைத்து வைப்பதால் அதைக் காட்டும்படி மாற்றிய பின்பே தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின், நோயற்ற கணினியில் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து நேரடியாக உருவாக்கிய பென்டிரைவைக் கொண்டு, சி, டி என்ற பாகுபாடின்றி வட்டின் எல்லாப் பகுதிகளையும் அழித்து ஏற்ற வேண்டும். புதிய விண்டோஸில் அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத ஒரு பயனர் கணக்கும், ரவுட்டருக்குப் புதிய கடவுச்சொல்லும், பிரவுசரில் தேவையற்ற துணைநிரல்கள் நீக்கப்பட்ட நிலையும் இருந்தால், டிஃபெண்டர் ஒன்றே போதிய காவல். இரண்டு ஆன்டிவைரஸ்களைச் சேர்த்துப் போடுவது கணினியை மந்தமாக்குமே தவிர வலுப்படுத்தாது. இவ்வளவும் சேர்ந்ததே ஃபார்மேட். சி டிரைவை அழிப்பது இதில் ஒரு படி மட்டுமே, அதுவும் இறுதிக்கு அருகில் வரும் படி.

இதை இப்போது வலியுறுத்துவதற்கு உடனடிக் காரணம் ஒன்று இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 தனக்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் ஒப்பீட்டில் புதிய புராசசரையும் கேட்பதால், ரிச்சி தெருவில் கோத்த பழைய கணினிகளிலும் அலுவலகங்கள் கழித்த கணினிகளிலும் பலவற்றில் அது முறைப்படி ஏறாது. அந்நிபந்தனைகளை நீக்கி எவரோ மாற்றியமைத்த விண்டோஸ் 11 கோப்புகள் இணையத்தில் இறைந்து கிடக்கின்றன. அவை ஆக்டிவேட்டரையும் உடன் சேர்த்துக்கொண்டு, கடைகளின் பென்டிரைவ்களுக்குள் நுழைவதற்கு வழி திறந்தே இருக்கிறது. பழைய கணினிக்கு இன்று லினக்ஸ் பொருந்தும், உரிமையுள்ள விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் ஓரளவு காலம் பொருந்தும்; பெயர் தெரியாதவர் திருத்திய விண்டோஸ் எந்த நிலையிலும் பொருந்தாது. மீஞ்சூரிலோ எண்ணூரிலோ ஒரு கடையின் மேசைமீது பென்டிரைவ் வைக்கப்படும்போதே, அதிலுள்ள கோப்பு யாருடைய தளத்திலிருந்து இறக்கப்பட்டது, எந்தக் கணினியில் இறக்கப்பட்டது, ஆக்டிவேட்டர் இயக்கப்படுமா, டிஃபெண்டர் அணைக்கப்படுமா என்று கேட்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு. விடை கிடைக்காத இடத்தில் அந்தப் பென்டிரைவைத் தம் கணினியில் செருக விடாமல், கணினியை எடுத்துக்கொண்டு திரும்பவும் உரிமை உண்டு.